வீட்டில் திறக்கும் சாவி மாலில் ஏன் திறப்பதில்லை?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "அங்கிள், என் காருக்கு ஆறு வயது. வீட்டில் பகலில் ரிமோட் சாவி ஒழுங்காக வேலை செய்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மூன்று நான்கு தடவை அழுத்த வேண்டியிருக்கிறது. நாங்கள் வழக்கமாகப் போகும் மாலின் பார்க்கிங்கில் ஒரு மூலையில் நிறுத்தினால், திரும்பி வரும்போது சுத்தமாகத் திறப்பதே இல்லை. மாதக்கணக்காக இப்படித்தான். சாவியையே மாற்ற வேண்டும், 7,000 ரேண்ட் ஆகும் என்கிறார்கள். அம்மாவோ சாவியின் அலையை மறித்துத் திருடும் ஜாமிங் திருடர்கள் வேலை என்று பயப்படுகிறார். எது உண்மை?"

இரண்டுமே இல்லை என்றுதான் நினைக்கிறேன். கெட்டுப்போன சாவிக்கு இடமும் தெரியாது, மணியும் தெரியாது. வீட்டு வாசலிலும் மாலிலும் கடற்கரையிலும் ஒரே மாதிரி சண்டித்தனம் செய்யும். பகலில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டுச் சாயங்காலம் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால், சாயங்காலம் வேறு ஏதோ ஒன்று நடக்கிறது. அதைத் தேடாமல் சாவியை மாற்றினால், புதுச் சாவியும் ஏழு மணிக்கு அதே வேலையைத்தான் செய்யும்.

நான் டர்பனில் ரொம்ப காலம் ரேடியோக் கருவிகள் பழுதுபார்த்தவன். பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கான அமெச்சூர் ரேடியோ உரிமமும் உண்டு. குவாசூலு-நட்டால் மாகாணத்துக்காரர்களின் அழைப்புக் குறி இசட்எஸ்5 என்று தொடங்கும், அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். இந்த விஷயத்தில் எங்களுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது, அதையும் பிறகு ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் கையில் இருக்கிற ரிமோட் ஒரு சின்ன ரேடியோ நிலையம். தென்னாப்பிரிக்காவில் விற்கும் கார்களில் பெரும்பாலானவை 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 69 சென்டிமீட்டர். அதை ஒழுங்காக வெளியே தள்ள, கால் பங்கு, அதாவது 17 சென்டிமீட்டர் நீளக் கம்பியாவது வேண்டும். சாவிக்குள் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? சர்க்யூட் பலகையின் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வளையம்தான் ஆன்டெனா. ஒரு பொத்தான் பேட்டரியில் வருடக்கணக்கில் ஓட வேண்டும், அதனால் சக்தியும் மிகக் குறைவு. சுருக்கமாகச் சொன்னால், சாவி கத்துவதில்லை, காதோடு காதாகக் கிசுகிசுக்கிறது.

அந்தக் கிசுகிசுப்பைக் கேட்க வேண்டிய காது காருக்குள் இருக்கிறது. அந்தக் காது என்னவோ நல்ல காதுதான். ஆனால் அது குடியிருக்கும் தெரு அப்படி. 433.05 முதல் 434.79 வரை, மொத்தமே 1.74 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சந்து. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் இல்லாமலே திறந்துவிடப்பட்ட இடம். வாடகை இல்லாத தெருவில் யார் வந்து குடியேறமாட்டார்கள்? கேட் ரிமோட், கம்பியில்லா அழைப்பு மணி, அலார சென்சார், வீட்டு வானிலைக் கருவி, டயர் காற்றழுத்த சென்சார் எல்லாம் அங்கேதான். அதோடு 430 முதல் 440 வரை அமெச்சூர் ரேடியோக்காரர்களின் பகுதி. எங்களில் ஒருவர் 50 வாட்டில் பேச ஆரம்பித்தால், பக்கத்துத் தெருவில் நிற்கும் கார்களுக்கு மணியோசைக்கு நடுவில் ரகசியம் சொன்ன மாதிரிதான். இதுதான் நான் ஒப்புக்கொள்வதாகச் சொன்ன பங்கு. சட்டப்படி எங்களுக்கு அந்த உரிமை உண்டு, சாவிக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. உரிமம் இல்லாத கருவி, வரும் குறுக்கீட்டைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் உலகெங்கும் விதி. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 315 மெகாஹெர்ட்ஸ் வழக்கம். நம் ஊர்ப் பழைய கேட் ரிமோட்டுகள் பல 403 மெகாஹெர்ட்ஸில் இருந்தன, அவை மெல்ல 433 பக்கம் வந்து சேர்ந்ததில் சந்து இன்னும் நெரிசலாகிவிட்டது.

சரி, இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. ரேடியோ அலை திறந்த வெளியில் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தேயும். இரண்டு மீட்டரில் நின்று அழுத்தும்போது காருக்குக் கிடைக்கும் சக்தி, இருபது மீட்டரில் நின்று அழுத்தும்போது நூறில் ஒரு பங்காகிவிடும். காருக்குப் பத்து மீட்டர் தள்ளி உங்கள் சாவியைப் போலவே பலமுள்ள ஒரு கருவி இரைந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் காரை ஒட்டி, இரண்டு மீட்டரில் நின்று அழுத்தினால் உங்கள் குரல் இருபத்தைந்து மடங்கு பெரிது, கார் கேட்டுவிடும். இருபது மீட்டர் நடந்துபோய்த் தோளுக்கு மேல் கையை நீட்டி அழுத்தினால், அந்த இரைச்சல் உங்களை விட நான்கு மடங்கு பெரிது. ஆக, கார் கேட்குமா கேட்காதா என்பதைத் தீர்மானிப்பது சாவி மட்டுமல்ல, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், இரைச்சல் எங்கே நிற்கிறது என்பதும்தான்.

இப்போது அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். பயம் வீண் என்று சொல்லமாட்டேன். ரிமோட் ஜாமிங் நம் நாட்டில் கட்டுக்கதை இல்லை. மால், பெட்ரோல் பங்க், பள்ளிக்கூட வாசல் எல்லா இடத்திலும் நடப்பதுதான். அதற்குப் பெரிய இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. கடையில் விற்கும் கேட் ரிமோட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் பூட்டும் நேரத்தில் அதன் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். உங்கள் ரகசியக் குறியீடு எதுவும் அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. இரண்டு பேர் பேசும்போது மூன்றாவது ஆள் நடுவில் "ஆ" என்று கத்துவதற்கு என்ன மொழி தெரிய வேண்டும்?

ஆனால் திருடனின் தேவை என்ன என்று யோசியுங்கள். நீங்கள் பூட்டுவதைத்தான் அவன் கெடுக்க வேண்டும். நீங்கள் போனதும் கதவைத் திறந்து, பின்னால் டிக்கியில் இருக்கும் லேப்டாப் பையையோ முன்சீட்டில் கிடக்கும் கைப்பையையோ எடுத்துக்கொண்டு போய்விடுவான். நீங்கள் திரும்பி வந்து திறப்பதைக் கெடுத்து அவனுக்கு என்ன லாபம்? சும்மா நிற்கும் உங்களைச் சுற்றி நாலு பேர் கூடுவார்கள், செக்யூரிட்டி வருவார், அவ்வளவுதான். அதோடு, எந்தத் திருடனும் மாதக்கணக்காக ஒரே மூலையில் உட்கார்ந்து தொழில் செய்யமாட்டான். உங்கள் சிக்கல் திறப்பதில், அதுவும் எப்போதும் ஒரே மூலையில். இது ஆள் வேலை இல்லை, அங்கே நிலையாக மாட்டியிருக்கும் ஏதோ ஒரு பொருளின் வேலை.

இதில் ஆறுதல் பாதிதான். திறப்பதைக் கெடுக்கிற இரைச்சல் பூட்டுவதையும் கெடுக்கும். திறக்காவிட்டால் உடனே தெரிந்துவிடும், கோபம் வரும், கேள்வி கேட்பீர்கள். பூட்டாவிட்டால் ஒன்றுமே தெரியாது. பொத்தானை அழுத்திவிட்டுக் கடைக்குள் போய்விடுவீர்கள். ரிமோட் சாவியின் உண்மையான பலவீனம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். பெரும்பாலான சாவிகள் ஒருவழிப் பேச்சு, சொன்னதைக் கார் கேட்டதா என்று சாவிக்கே தெரியாது. அந்த மூலையில் இத்தனை மாதமாக எத்தனை முறை உங்கள் கார் பூட்டப்படாமலே நின்றதோ, மாரியம்மனுக்குத்தான் வெளிச்சம்.

அதனால் பூட்டும்போது கண்ணால் இண்டிகேட்டர் விளக்கு மின்னுவதைப் பாருங்கள். காதை நம்ப வேண்டாம், பார்க்கிங்கில் "க்ளக்" என்று கேட்பது பக்கத்துக் காராகவும் இருக்கலாம். பிறகு கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். சாவியைப் பையில் வைத்தபடியே திறக்கும் கார் என்றால் முன்கதவை இழுத்தால் அது உங்களை அடையாளம் கண்டு திறந்துகொள்ளும், சோதனையே வீணாகிவிடும். பல மாடல்களில் அந்தத் தொடு உணரி முன்கதவுகளில் மட்டும்தான் இருக்கும், அதனால் பின்கதவை இழுத்துப் பார்ப்பது நல்லது. முக்கியமாக, நடந்துகொண்டே அழுத்தாதீர்கள். மேலே சொன்ன கணக்கு நடக்க நடக்க உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. கேட் ரிமோட் வைத்துக் காத்திருப்பவனுக்கு வேண்டியதும் நீங்கள் அப்படி நடப்பதுதான்.

இடையில் ஒரு சின்னப் பெருமை. சாவி அனுப்பும் குறியீட்டைப் பதிவு செய்து, பிறகு அதையே ஒலிபரப்பிக் காரைத் திறக்க முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் முடிந்தது. அதற்கு மருந்தாக வந்ததுதான் அழுத்தும்போதெல்லாம் மாறும் குறியீடு. அந்த முறையில் உலகெங்கும் கோடிக்கணக்கான கேட்டுகளுக்கும் கார்களுக்கும் போன கீலாக் என்பது, 1980களின் நடுவில் இதே தென்னாப்பிரிக்காவில் நானோடெக் என்ற நிறுவனத்தில் உருவானது. 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதை ஒரு கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு அழுத்தலுக்கு 66 பிட் போகும், அதில் 32 பிட் ஒவ்வொரு தடவையும் புதிது. கார் எண்ணிக்கையைக் கூடவே வைத்துக்கொள்ளும், பழைய குறியீடு வந்தால் சட்டை செய்யாது. குழந்தை சாவியை வைத்து விளையாடிப் பத்துப் பதினைந்து தடவை அழுத்திவிட்டால் பரவாயில்லை, 16 வரை கார் தாங்கும். அதைத் தாண்டிவிட்டால் அடுத்தடுத்து இரண்டு தடவை அழுத்தினால் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். "முதல் தடவை எடுக்கவில்லை, இரண்டாம் தடவை எடுத்தது" என்று பாட்டிமார் சொல்வதற்குச் சில நேரம் காரணம் இதுதான். 2008 வாக்கில் ஜெர்மனியில் போஹும் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிப் வேலை செய்யும்போது எடுக்கும் மின்சாரத்தை அளந்தே கீலாக்கின் ரகசியத்தை வெளியே எடுத்துக் காட்டினார்கள். 2015இல் சாமி கம்கார் என்பவர் லாஸ் வேகாஸில் ஹேக்கர்கள் கூடும் டெஃப்கான் மாநாட்டில் இன்னொரு குறும்பைக் காட்டினார்: குறுக்கீடும் செய்து, அதே நேரத்தில் உங்கள் குறியீட்டைப் பிடித்தும் வைத்துக்கொண்டு, கார் இன்னும் கேட்டிராத அந்தக் குறியீட்டைப் பிறகு பயன்படுத்தும் முப்பது டாலர் சொச்சக் கருவி. மூளை உள்ள வேலைதான். ஆனால் நம் பார்க்கிங்கில் நடக்கிற திருட்டுக்கு அவ்வளவு மூளை தேவைப்படவில்லை. இந்த நாட்டில் பிறந்த நல்ல பூட்டை, இந்த நாட்டுக் கேட் ரிமோட் வாயை மூடி உட்கார வைத்துவிடுகிறது. எவ்வளவு கெட்டிக்காரக் குறியீடாக இருந்தாலும் காதில் விழுந்தால்தானே?

திருடன் இல்லாமலே எப்படி ஒரு இடம் முழுக்க ஊமையாகும் என்பதற்கு நானே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இங்கே குட் ஃப்ரைடே அன்று மாரியம்மன் திருவிழா. கரும்புத் தோட்டக் காலத்தில் அந்த நாட்களில்தான் விடுமுறை கிடைத்தது, அப்படியே வழக்கமாகிவிட்டது என்பார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் இசிப்பிங்கோவிலும் அன்று கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு திருவிழாவில், கோயிலுக்குப் பக்கத்துப் புல்வெளியில் நிறுத்திய கார்களில் இரண்டு வரிசை திறக்கவில்லை. ஜாமர், ஜாமர் என்று ஒரே கூச்சல். இரண்டு பையன்களைச் சந்தேகப்பட்டு மடக்கியும் வைத்துவிட்டார்கள், பாவம். என்னிடம் கை ரேடியோ இருந்தது. 433.92க்குத் திருப்பினேன், விடாமல் கரகரவென்று ஒரு சத்தம். திருடன் இப்படி அரை மணி நேரமாக விடாமல் அழுத்திக்கொண்டிருக்கமாட்டான்.

இந்த மாதிரி நேரத்தில் ஒரு எளிய வழி இருக்கிறது. ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். உடம்பு முழுக்க நீர்தானே, அலையை மறைக்கும். எந்தத் திசையில் நிற்கும்போது சத்தம் மிகவும் குறைகிறதோ, அப்போது ஆள் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறார். அப்படி நாலைந்து இடத்தில் சுற்றிச் சுற்றி ஒரு பக்கியிடம், அதாவது பிக்கப் வண்டியிடம், போய் நின்றேன். வேண்டுதலுக்கு மூட்டை மூட்டையாகத் தேங்காய் கொண்டுவந்திருக்கிறார்கள். முன்சீட்டில் வைத்த ஒரு மூட்டை சரிந்து, கியருக்குப் பக்கத்துக் குழியில் கிடந்த வீட்டு கேட் ரிமோட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சொந்தக்காரரைக் கூட்டத்தில் தேடிப் பிடித்து, மூட்டையைத் தூக்கியதும் சுற்றியுள்ள கார்கள் எல்லாம் "டக் டக்" என்று திறந்துகொண்டன. அந்தப் பையன்களிடம் மன்னிப்புக் கேட்டது யார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. நல்ல கார் சாவிகளில் பொத்தான் மாட்டிக்கொண்டாலும் சில நொடியில் தானே நின்றுவிடும். மலிவான கேட் ரிமோட்டில் அந்த நாகரிகம் எதிர்பார்க்க முடியாது.

இது நம் ஊர் மட்டும் இல்லை. 2019இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்த் ஓல்ம்ஸ்டெட் என்ற ஊரில் வாரக்கணக்கில் கார் சாவிகளும் கராஜ் கதவுகளும் வேலை செய்யவில்லை. விண்வெளி ஆய்வு மையம் பக்கத்தில்தான் இருக்கிறது, அதனால் என்னென்னவோ பேசினார்கள். கடைசியில், எலெக்ட்ரானிக்ஸில் ஆர்வமுள்ள ஒருவர், மாடியில் ஆள் நடமாட்டம் இருந்தால் தனக்குத் தெரிய வேண்டும் என்று வீட்டில் செய்துவைத்த ஒரு பெட்டி 315 மெகாஹெர்ட்ஸில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பேட்டரியிலும் ஓடக்கூடிய பெட்டி. அவருக்கே தெரியாது.

உங்கள் மால் மூலைக்கு வருகிறேன். அங்கே என்ன இருக்கும்? கம்பியில்லா சென்சார் ஏதாவது, பழுதான ஒரு விளக்கின் மின்வழங்கி, கூரையில் செக்யூரிட்டி கம்பெனியின் ரேடியோ, இல்லை தூண்களுக்குள் அலை மோதித் திரும்பித் தன்னையே அழித்துக்கொள்ளும் நிழல் புள்ளி. நிழல் புள்ளி என்றால் சுலபம், ஒரு அடி நகர்ந்தாலே வேலை செய்யும். அரை அலைநீளம் 35 சென்டிமீட்டர்தான். நான்கைந்து அடி நகர்ந்தும் வேலை செய்யவில்லை, பக்கத்துக் கார்க்காரருக்கும் அதே கதி என்றால் இரைச்சல்தான். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வாங்குவதற்கு முன்னால் அந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளும் கார் கார்டிடம் கேளுங்கள். காலையிலிருந்து இரவு வரை அங்கேயே நிற்கிறவர். "அந்த மூலையில் எல்லார் சாவியும் மக்கர் பண்ணும்" என்று எந்த இன்ஜினியரை விடவும் திட்டவட்டமாகச் சொல்வார். எத்தனையாவது தூணிலிருந்து எத்தனையாவது தூண் வரை என்றுகூடச் சொல்வார். ஐந்து ரேண்ட் கூடுதலாகக் கொடுங்கள். அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு மால் நிர்வாகத்துக்கு எழுதலாம். மசியவில்லை என்றால் அலைவரிசைகளைக் கண்காணிக்கும் இகாசாவுக்குப் புகார் கொடுக்கலாம். வேண்டுமென்றே ஜாமர் வைத்திருப்பது இங்கே சட்டவிரோதம், தெரியாமல் இரைகிற கருவியையும் நிறுத்தச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

இனி வீட்டு விஷயம். இதுதான் எனக்கு ஆர்வமாக இருக்கிறது. ஏழு மணிக்கு மேல் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். டர்பனில் இருட்டும் நேரம் கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று. ஜூன் மாதம் ஐந்தரைக்கெல்லாம் கறுத்துவிடும். அப்போதும் ஏழுக்குத்தான் தொடங்குகிறதா, இல்லை இருட்டியதுமே தொடங்குகிறதா என்று பாருங்கள். இருட்டோடு நகர்ந்தால் உங்கள் வாசலிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் எல்இடி விளக்குதான் குற்றவாளி. மலிவான எல்இடிக்குள் இருக்கும் மின்வழங்கி மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. ஒழுங்கான வடிகட்டி இல்லையென்றால் அந்த வெட்டுகளின் எதிரொலி நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வரை போகும். கேட் தூணில், கார் நிறுத்துமிடத்துக்கு நேர் மேலே மாட்டிய விளக்கு என்றால் கேட்கவே வேண்டாம். கடிகாரத்தோடு ஒட்டி ஏழு மணிக்கே என்றால் டைமரில் ஓடும் ஏதாவது ஒன்று. இன்வெர்ட்டரையும் விட்டுவிடாதீர்கள். லோட் ஷெடிங் காலத்தில் நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும் சோலாரும் மாட்டினோமே, அவற்றில் சில நல்லவை, சில வெறும் இரைச்சல் பெட்டிகள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கேட் மோட்டாருக்குள் இருக்கும் ரிசீவரே குறுக்கீடு செய்யலாம். மலிவான ரிசீவர்களில் ஒரு வகை, கேட்பதற்காகவே தனக்குள் ஓர் அலையை எழுப்பிக்கொள்ளும். அதில் கொஞ்சம் ஆன்டெனா வழியாக வெளியே கசியும், அதுவும் அதே 433இல். கேட்டை ஒட்டிக் காரை நிறுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

பேட்டரியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது அதுதான், ஆனால் அது ஒன்றே காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. பெரும்பாலும் சிஆர்2032. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம், பெயரிலேயே அளவு இருக்கிறது. மீட்டரை வைத்தால் 3 வோல்ட் காட்டும், நல்லதுதானே என்று தோன்றும். சும்மா இருக்கும்போது எல்லாரும் பலசாலிதான். பழைய பேட்டரியில் உள்தடை ஏறிப்போயிருக்கும், பொத்தானை அழுத்தி மின்சாரம் இழுக்கும்போது வோல்ட் சரியும். குளிரில் இன்னும் மோசம். டர்பனில் சரியாக இருந்த சாவி, ஜூலையில் ட்ராகன்ஸ்பர்க் மலைப் பக்கம் போனதும் விடியற்காலையில் படுத்துவிட்டது என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் உள்ளே உள்ள தகடு பச்சை பூத்துவிடும், அதைச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள். குழந்தைகள் வாயில் வைக்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகள் வருகின்றன. நல்ல ஏற்பாடு, ஆனால் சில சாவிகளில் அந்தப் பூச்சினால் தொடர்பு சரியாகக் கிடைப்பதில்லை. வீட்டில் குழந்தை இருந்தால் பழைய பேட்டரியை மேசையில் விட்டுவிடாதீர்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், உங்களிடம் இரண்டாவது சாவி இருக்குமே, எங்காவது அலமாரிக்குள். அதை எடுங்கள். இரண்டு சாவியும் ஒரே இடத்தில் தோற்றால் இடம்தான் காரணம். ஒன்று மட்டும் எங்கும் தோற்றால் அந்தச் சாவி. இரண்டும் எங்கும், காரைத் தொட்டுக்கொண்டு நின்றாலும் தோற்றால் காருக்குள் பாருங்கள். இன்ஷூரன்ஸுக்காக மாட்டிய டிராக்கர், டாஷ் கேமரா, சிகரெட் லைட்டர் குழியில் செருகிய மலிவு சார்ஜர், இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். இந்த மூன்று சோதனைக்கும் ஒரு சதம் செலவில்லை. இதைக்கூடச் செய்யாமல் 7,000 ரேண்ட் கேட்பவர்களை என்ன சொல்ல!

அவசரத்துக்கு இரண்டு விஷயம். தூரத்திலிருந்து எடுக்கவில்லை என்றால் சாவியைத் தாடைக்கு அடியில் வைத்து அழுத்துங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். தலையிலுள்ள நீர் அந்தச் சின்ன ஆன்டெனாவுக்குத் துணையாக நின்று அலையை இன்னும் கொஞ்ச தூரம் தள்ளும். அதுவும் பலிக்கவில்லை என்றால் சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை உருவிக் கதவைத் திறங்கள். அலாரம் கத்தினால் கத்தட்டும். உள்ளே உட்கார்ந்து ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால், பல கார்களில் பேட்டரி செத்த சாவியும் இன்ஜினைக் கிளப்பும். அங்கே நடப்பது வேறு பேச்சு: 125 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில், சில சென்டிமீட்டர் தூரத்தில், சாவிக்கு வேண்டிய மின்சாரத்தையும் காரே கொடுத்துவிடும். 433 சந்தின் கூச்சல் அதை ஒன்றும் செய்யாது.

பையில் வைத்தபடியே திறக்கும் சாவிகளுக்கு நேர் எதிரான ஆபத்து உண்டு. அங்கே அலையைத் தடுப்பதில்லை, நீட்டிக் கொடுக்கிறார்கள். ஒருவன் உங்கள் வாசல் கதவோரம், இன்னொருவன் காரருகில். வீட்டுக்குள் தொங்கும் சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று காரை நம்ப வைத்துவிடுவார்கள். 2011இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பத்து மாடல்களில் செய்து பார்த்தார்கள், பத்தும் ஏமாந்தன. புதிய சில கார்களில் அல்ட்ரா வைட்பேண்ட் வைத்து அலை போய் வரும் நேரத்தையே அளக்கிறார்கள். உங்களிடம் அந்த மாதிரிச் சாவி என்றால் இரவில் மூடியுள்ள பிஸ்கட் டின்னுக்குள் போடுங்கள். போட்டுவிட்டு டின்னைக் காருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சோதித்துப் பாருங்கள், எல்லா டின்னும் நல்ல டின் இல்லை.

இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் ஒரு தடவை வாசியுங்கள். காருக்குள்ளிருந்து பொருள் போனால், உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தால்தான் பணம் என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும். பூட்டாத காரில் என்ன அடையாளம் இருக்கும்? ஜாமிங் நடந்ததற்குக் கேமராப் பதிவு கேட்பவர்களும் உண்டு. அதற்காகவாவது அந்த மூலையை விட்டு வேறு வரிசையில் நிறுத்துங்கள்.

முதலில் வீட்டுச் சோதனையை முடியுங்கள். சனிக்கிழமை இருட்டியதும், வழக்கமாக நிறுத்தும் இடத்திலேயே காரை நிறுத்தி, வழக்கமான தூரத்திலிருந்து பத்துத் தடவை அழுத்தி, எத்தனை எடுக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கேட் விளக்கை அணைத்துவிட்டுப் பத்துத் தடவை. பிறகு வீட்டு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரையும் சேர்த்து, பத்துத் தடவை. மூன்றாவதிலும் மாறவில்லை என்றால் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் அவர்கள் வெளி விளக்கை ஐந்து நிமிடம் அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தட்டில் முறுக்கோடு போனால் மறுக்கமாட்டார். நான்கு எண்ணிக்கையையும் எனக்கு எழுதுங்கள், எந்தப் பெட்டியைக் கழற்றுவது என்று அதிலிருந்து சொல்லிவிடலாம்.